திருமலைக் கண்காட்சிப் பதாகை: ‘டாங்’ நீர்மூழ்கி, ஓ'கேன், சிறைவாசம் – அச்சுக்கு முன் திருத்தம் தேவை

கரும்பலகை எழுதியது:

வணக்கம். பாடசாலை வரலாற்று மன்றக் கண்காட்சிக்காக, இரண்டாம் உலகப் போர்க்காலத் திருகோணமலைத் துறைமுகம் பற்றி மூன்று பதாகைகள் தயாராகின்றன. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 4 அடி உயரம். முதல் இரண்டும் (1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சு, சீனக்குடா எண்ணெய்க் குதங்கள்) முடிந்துவிட்டன. மூன்றாவது, விருது பெற்ற நீர்மூழ்கி அதிகாரி ஒருவரின் வீரமும் சிறைவாசமும். தரம் 11 மாணவர்கள் காணொளிகளைப் பார்த்து எழுதிய வாசகம் இது:

“1944 ஒக்டோபரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கி டாங், எதிரியின் டோர்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கியது. உள்ளே அகப்பட்ட கட்டளை அதிகாரி ரிச்சர்ட் ஓ'கேன், மொம்சன் லங் என்ற சுவாசப்பையை அணிந்து 180 அடி ஆழத்திலிருந்து மேலே வந்து யப்பானியரிடம் சரணடைந்தார். சிறைமுகாமில் காட்டிய வீரத்துக்காக அவருக்கு மெடல் ஒஃப் ஒனர் வழங்கப்பட்டது.”

இதில் எது சரி, எது பிழை? 180 அடியிலிருந்து ஒருவர் உயிரோடு வரமுடியுமா என்று விஞ்ஞானப் பிரிவு மாணவர்களும் கேட்கிறார்கள். அதை மேசையில் வைத்துக் காட்டக்கூடிய ஒரு சிறு செய்முறை இருந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

மட்டிக்களி எழுதியது:

ரீச்சர், மூன்று வாக்கியங்களில் நான்கு பெரிய பிழைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டாங் திருகோணமலைக்கு உரிய கப்பல் அல்ல. அதன் ஐந்தாவதும் கடைசியுமான ரோந்து 1944 செப்டெம்பர் 24 அன்று பேர்ள் ஹாபரில் தொடங்கியது. மிட்வேயில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போர்மோசா நீரிணைக்குப் போனது. அது இன்றைய தாய்வானுக்கும் சீனக் கரைக்கும் இடைப்பட்ட கடல். திருமலைத் தொடர்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு கப்பல் இருக்கிறது. அந்தக் கதையைப் ‘பழைய ஏடு’ நன்றாக அறிவார், அவர் வந்து சொல்லட்டும்.

இரண்டாவது பிழை, எதிரியின் டோர்பிடோ. டாங்கை மூழ்கடித்தது அதன் சொந்த டோர்பிடோ. 24 எடுத்துச் சென்றார்கள். அன்றைய இரவுத் தாக்குதலில் 23ஆவது நேராக ஓடியது. கடைசியான 24ஆவது, ஏற்கெனவே அடிபட்டு நின்ற போக்குவரத்துக் கப்பலை நோக்கி ஏவப்பட்டது. ஒக்டோபர் 25 அதிகாலை, சுமார் இரண்டரை மணி. குழாயை விட்டு வெளியேறியதும் அது நீர்மட்டத்தில் துள்ளியது, இடப்பக்கம் வளைந்தது, சுற்றித் திரும்பி வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பதாகையில் இரண்டு வரியிலாவது போடுங்கள். அது மார்க் 18 வகை. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் மின் டோர்பிடோவைப் பார்த்துச் செய்தது, பற்றரியில் ஓடுவது. முந்திய மார்க் 14 நீராவியில் ஓடும், வேகம் 46 நொட் (மணிக்கு 46 கடல் மைல்), ஆனால் பின்னால் வெள்ளைக் குமிழிக்கோடு விடும். மார்க் 18 அப்படிக் கோடு விடாது, வேகம் 29 நொட் மட்டுமே. இரண்டையும் நேராக ஓட்டுவது உள்ளே சுழலும் கைரோ. டோர்பிடோ எந்தப் பக்கம் விலகினாலும் கைரோ அதை உணர்ந்து சுக்கானைத் திருப்பும். கைரோ கவிழ்ந்தாலோ, சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பிய நிலையில் இறுகிவிட்டாலோ டோர்பிடோ வட்டமடிக்கத் தொடங்கும். வட்டம் தொடங்கிய இடம் ஏவிய கப்பலின் மூக்கு. ஆகவே முடியும் இடமும் அதன் அருகேதான். இது ஒருமுறை நடந்த அதிசயம் இல்லை. 1944 மார்ச் 26 அன்று டலிபீ என்ற அமெரிக்க நீர்மூழ்கியும் இப்படித்தான் போனது. அதில் தப்பியவர் ஒரே ஒருவர், அவரும் சிறைப்பட்டார்.

படம் வரைய அளவு தருகிறேன். 29 நொட் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 15 மீற்றர். ஏவியதிலிருந்து அடிபடும்வரை ஏறத்தாழ 20 செக்கன், ஆகவே டோர்பிடோ ஓடிய தூரம் சுமார் 300 மீற்றர். டாங்கின் நீளம் 311 அடி, அதாவது 95 மீற்றர். 1:200 அளவில் வரைந்தால் கப்பல் 47½ சென்ரிமீற்றர், டோர்பிடோவின் பாதை 1½ மீற்றர். நீளத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம், வளைந்த பாதையானபடியால் உங்கள் 3 அடி அகலத்துக்குள் அடங்கும். ஆனால் துல்லியமான வட்டமாக வரையாதீர்கள், பாதை எப்படி வளைந்தது என்று அளந்தவர் எவருமில்லை. ‘மாதிரி வரைபடம்’ என்று கீழே எழுதிவிடுங்கள்.

அந்த 20 செக்கனில் ஓ'கேன் செய்தது, அவசர வேகம் கேட்டு, கடையார்ப் பக்கத்தை, அதாவது கப்பலின் பின்புறத்தை, டோர்பிடோவின் வழியிலிருந்து விலக்க சுக்கானைத் திருப்பியது. 95 மீற்றர்க் கப்பல் ஓடிவந்த வேகத்திலிருந்து 20 செக்கனுக்குள் அதிகம் கூடமுடியாது. தன் நீளத்தளவு முன்னேறினாலே பெரிது. டோர்பிடோ கடையாரில் உள்ள பின் டோர்பிடோ அறைக்கு நேரே அடித்தது. பின்புற அறைகள் உடனே நிரம்பின, கட்டளைமேடையின் மூடிவாசலை அடைக்க நேரம் இல்லாமல் கப்பல் பின்பக்கமாக மூழ்கிற்று.

இதிலிருந்தே மூன்றாவது பிழை தெரியும். ஓ'கேன் உள்ளே அகப்படவில்லை. நீர்மட்டத்தில் நின்று நடத்திய இரவுத் தாக்குதல் அது, அவர் மேலே கட்டளைமேடையில் நின்றார். அவரோடு மேலே இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். கடலில் விழுந்த ஒன்பதில், எட்டு மணித்தியாலம் கழித்து எடுக்கப்படும்வரை நீந்திப் பிழைத்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் ஓ'கேன். மொம்சன் லங் அணிந்து வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுடைய சாதனையை அவருடைய கணக்கில் போடக்கூடாது.

நான்காவது விருது. மெடல் ஒஃப் ஒனர் அமெரிக்காவின் அதியுயர் போர்வீர விருது. அதற்கான சான்றுரை 1944 ஒக்டோபர் 23, 24 தேதிகளில் இரண்டு கப்பல் தொடரணிகள்மீது நடத்திய தாக்குதலைப் பற்றியது. 1946 மார்ச் 27 அன்று ஜனாதிபதி ட்ரூமன் அணிவித்தார். சிறையில் பட்டதற்கு அல்ல.

டாங் மூழ்கடித்த கப்பல்கள் 24, மொத்தம் 93,824 தொன் என்று போடலாம்.

சுழியோடி எழுதியது:

ரீச்சர், உள்ளே இருந்தவர்கள் பற்றி நான் சொல்கிறேன்.

180 அடி என்பது 55 மீற்றர். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அங்கே 5½, அதோடு மேலேயுள்ள ஒன்று, மொத்தம் 6½. போயிலின் விதி உயர்தர மாணவர்களுக்குத் தெரியும். அந்த ஆழத்தில் நெஞ்சு நிறைய 6 லீற்றர் காற்று எடுத்த ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்றுக்கு மேலே 39 லீற்றர் இடம் வேண்டும். நுரையீரல் அதற்கு வெகு முன்பே கிழிந்துவிடும், காற்று இரத்தத்துக்குள் போய் மூளையை அடைக்கும். ஆகவே தப்புவதற்கு முதல் விதி, வரும் வழியெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே வருவது. மனித உடம்புக்கு இது தலைகீழ்ப் பாடம். தண்ணீருக்குள் இருப்பவன் காற்றைச் சேமிக்கத்தான் பார்ப்பான். அதனால்தான் உயரமான பயிற்சித் தொட்டிகளைக் கட்டி இதைப் பழக்கினார்கள்.

மொம்சன் லங் என்பது மார்பில் தொங்கும் றப்பர்ப் பை. உள்ளே சோடாச் சுண்ணாம்பு வைத்த பேழை, அது வெளிமூச்சில் உள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும். வாய்க்குப் போக ஒரு குழாய், வர ஒரு குழாய், இரண்டிலும் ஒருவழி வால்வு. வெளியேறும் அறையில் பைக்கு ஒட்சிசன் நிரப்புவார்கள். மேலே வர வரப் பெருகும் வாயு பையின் வால்வால் தானாக வெளியே போகும். முதலில் மிதவையோடு ஒரு கயிறு மேலே விடப்படும். அதைப் பிடித்து நிமிடத்துக்கு 50 அடி வீதம் வருவதுதான் பழக்கிய வேகம், 180 அடிக்கு மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். பயந்து கயிற்றை விட்டவர் வேகமாக எழும்பிவிடுவார், ஆபத்து அங்கேதான்.

டாங்கின் முன் டோர்பிடோ அறையில் அன்றிரவு நடந்ததைச் சரியான ஒழுங்கில் சொல்லவேண்டும். பின்பக்கம் நீர் நிரம்பியது, உயிரோடு இருந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். இரகசிய ஏடுகளை எரித்தார்கள். கட்டளை அப்படி, ஆனால் மூடிய அறையில் அந்தப் புகை எங்கே போகும்? மேலே யப்பானிய ரோந்துக் கப்பல் நீரடி வெடிகுண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது, அது ஓயும்வரை எவரும் வெளியே போகமுடியவில்லை. அந்த அதிர்வில் முன் பற்றரி அறையில் மின்தீ பிடித்தது. கடைசி ஆள் வெளியேறும் நேரத்தில் தடுப்புச் சுவரின் பெயின்ற் கருகி உருகி வழிந்துகொண்டிருந்தது.

வெளியேறும் அறை சில பேர் மட்டும் நிற்கக்கூடிய சிறு உருளை. உள்ளே ஏறிக் கீழ்மூடியை அடைப்பார்கள். கடல்நீரை விடுவார்கள், அழுத்திய காற்றையும் விடுவார்கள். பக்கக் கதவின் மேல்விளிம்பைத் தாண்டி நீர் ஏறி, தலைக்குமேல் சிறிது காற்று மட்டும் மிஞ்சும். உள்ளமுக்கமும் வெளியமுக்கமும் சமமானால்தான் கதவு திறக்கும், அதற்குமுன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. அவர்கள் போனபின் கதவை அடைத்து, நீரைக் கீழ் அறைக்குள் வடித்து, அடுத்த குழு ஏறவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் போகும், கீழே காத்திருப்பவர்களின் காற்று கெட்டுக்கொண்டே வரும். அறையின் அமுக்கமும் கூடினால் இரட்டை ஆபத்து. 2 வீதம் காபனீரொட்சைட்டு, அமுக்கம் மூன்று மடங்காகும்போது 6 வீதம் போல உடம்பைத் தாக்கும். தலை இடிக்கும், மூச்சு வாங்கும், யோசனை மங்கும். பாடம் தெரிந்தவனும் படிகளை மறப்பது இதனால்தான்.

கணக்கு இது. அந்த அறையிலிருந்து வெளியேறியவர்கள் 13. மேலே வந்து சேர்ந்தவர்கள் 8. எடுக்கப்படும்வரை நீந்தமுடிந்தவர்கள் 5. நீர் நிரம்பிய கொனிங் டவரிலிருந்து, அதாவது கட்டளைமேடைக்கு நேர் கீழேயுள்ள சிறு அறையிலிருந்து, ஓர் அதிகாரி தனியாகத் தப்பினார். மேல்தட்டிலிருந்து மூவர். 5, 1, 3, ஆக 9. ஆளணி 87, இறந்தவர் 78. கூட்டிச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். காணொளிகளில் 13ஐயும் 9ஐயும் கலந்து குழப்புவார்கள்.

பிரித்தானியருடைய கருவி வேறு. டேவிஸ் கருவி என்பார்கள், அதில் சிறு ஒட்சிசன் சிலிண்டர் பையோடு சேர்ந்திருக்கும், எழும்பும் வேகத்தைக் குறைக்க முன்னால் விரிக்கும் ஒரு துணியும் உண்டு. அதன் பலவீனம் தூய ஒட்சிசன். ஆழத்தில் அமுக்கத்தோடு சுவாசித்தால் அது நஞ்சு, வலிப்பு வரும். பல கப்பல்களில் தனி வெளியேறும் அறைக்குப் பதிலாக, மூடிவாசலின் கீழே ரப்பர் பூசிய துணிக்குழாயை இறக்கி, முழு அறையையும் நீரால் நிரப்பி வெளியேறவேண்டும். நிரம்பி முடியும்வரை எல்லோரும் ஒட்சிசனை அமுக்கத்தில் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். போருக்குப் பின் 1946இல் பிரித்தானியக் கடற்படை தப்பியவர்களின் அனுபவங்களை ஆராய்ந்தபோது, கருவி இல்லாமல் மூச்சை விட்டபடி வந்தவர்களும் கருவியோடு வந்தவர்களுக்குக் குறையாமல் தப்பியிருந்தது தெரியவந்தது.

மேசைச் செய்முறை: 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று, மருந்துக்கடைக் கையுறை ஒன்று. கையுறையின் விரல்நுனியை வெட்டி, 2 மில்லிலீற்றர் அளவு காற்றை மட்டும் விட்டு, பை தளர்ந்து கிடக்க, அதன் வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதுதான் நுரையீரல். தண்டை இழுத்தெடுத்து அதை உள்ளே போட்டு, தண்டை 10 குறிவரை தள்ளி, நுனியை அடையுங்கள். விரலால் அடைத்தால் கசியும். நுனியை மெழுகுதிரியில் இளக்கி, குறட்டால் நசுக்கி அடைத்த சிரிஞ்சே நல்லது, ஆனால் தண்டை 10இல் வைத்தபிறகே நசுக்கவேண்டும். இப்போது 60 குறிவரை இழுங்கள். கனவளவு ஆறு மடங்கு, 50 மீற்றரிலிருந்து மேலே வருவதற்குச் சமம். சுருங்கிக் கிடந்த விரல்நுனி புடைத்து நிற்கும். ஏறத்தாழ 5 கிலோ தூக்கும் பலம் வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு ஒருவர் சிரிஞ்சைப் பிடித்துக்கொள்ளட்டும். பலூனைப் பாவித்தால் சரிவராது, அதன் றப்பர் இழுவை காற்று விரிவதைத் தடுக்கும், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கையுறை விரல் மாணவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சிறைவாசப் பகுதிக்கு என்ன எழுதலாம்? ‘பழைய ஏடு’ ஐயா, திருமலையிலிருந்து போன கப்பலைப் பற்றியும் சொல்லுங்கள். அந்த ஆட்களின் கல்லறைகள் நிலாவெளி வீதிப் போர்மயானத்தில் இருக்குமா? மாணவர்களை அழைத்துப் போகலாமா?

பழைய ஏடு எழுதியது:

ரீச்சர், திருமலையிலிருந்து போன கப்பலின் பெயர் ஸ்ட்ரட்டஜம். பிரித்தானிய எஸ் வகுப்பு, 217 அடி நீளம், வகுப்புக்குரிய ஆளணி 48. பக்கவாட்டு இலக்கம் பி 234. அப்போது திருகோணமலைக் குடாவில் அடமன்ற், வூல்ஃப் போன்ற தாய்க்கப்பல்கள் நின்றன. நீர்மூழ்கிகள் அவற்றின் பக்கத்தில் கட்டி, டோர்பிடோவும் எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குப் போய்வந்தன. இங்கிருந்து பினாங்கு சுமார் 1,200 கடல் மைல்.

லெப்டினன்ற் பெலியின் கட்டளையில் ஸ்ட்ரட்டஜம் 1944 நவம்பர் 10 அன்று திருகோணமலையை விட்டுப் போனது. 19ஆம் திகதி நிச்சினான் மாரு என்ற யப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. மூன்று நாள் கழித்து, 22ஆம் திகதி, மலாக்காக் கரைக்கு அப்பால் 35ஆம் இலக்க நீர்மூழ்கி வேட்டைக் கப்பலின் வெடிகுண்டுகளால் கடலடியில் விழுந்தது. முன்புறத்தில் உயிரோடு இருந்தவர்கள் டேவிஸ் கருவியோடு வெளியேற முயன்றார்கள். யப்பானியர் எடுத்தவர்கள் எட்டுப் பேர். போர் முடிந்து விடுதலையானவர்கள் மூன்று பேர், அவர்களில் ஓர் அதிகாரி, லெப்டினன்ற் டக்ளஸ். அந்தக் கப்பலின் முடிவை உலகம் அறிந்தது அவர் உயிரோடு வந்து சொன்னதால்தான்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருமலையிலிருந்து இயங்கிய ஸ்டோன்ஹெஞ் 1944 மார்ச்சிலும் போர்ப்பொய்ஸ் 1945 ஜனவரியிலும் தொலைந்தன. இரண்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. சிறைப்பட்ட ஒருவர் உயிரோடு திரும்புவதால் என்ன கிடைக்கிறது என்று மாணவர் கேட்டால், இந்த மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சிறைவாசம் பற்றி. பிடிபட்ட நீர்மூழ்கியாளரை யப்பானியக் கடற்படை முதலில் அனுப்பிய இடம் ஒஃபுனா. கமாகுராவில், யொக்கஹாமாவுக்கு அருகே. அதைப் ‘போர்க்கைதி முகாம்’ என்று பதாகையில் எழுதாதீர்கள். அது கடற்படை நடத்திய விசாரணை முகாம், கைதிகள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அறிவிக்கப்படவில்லை, பதியப்படவில்லை. யப்பான் 1929 ஜெனீவா உடன்படிக்கையில் கையொப்பமிட்டது, உறுதிப்படுத்தவில்லை. ஒஃபுனாவில் தனிச்சிறை, ஒருவரோடொருவர் பேசத் தடை, அரைவயிற்று உணவு, தடியடி. வீட்டுக்குப் போன தந்தி ‘காணாமற்போனார்’ என்பது மட்டும். அந்தச் சொல்லோடு ஒரு குடும்பம் எப்படி வாழும் என்பதைத் திருமலை மாணவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஓ'கேனும் மற்ற எட்டுப் பேரும் ஏறிய யப்பானியக் கப்பலில், டாங் முன்னர் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து எரிகாயங்களோடு தப்பியவர்கள் இருந்தார்கள். முதல் அடிகள் அவர்களிடமிருந்து விழுந்தன. அதை ஓ'கேன் பின்னர் எழுதியபோது, அடித்தவர்கள் யார் என்று தெரிந்தபின் தாங்கிக்கொள்ள இலகுவாயிற்று என்ற கருத்தில் எழுதினார். இந்த ஒரு செய்தியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். பிறகு ஒஃபுனா, அதன்பின் டோக்கியோ விரிகுடாவில் ஒமோரி. ஒமோரி பதிவுள்ள முகாம், ஆனால் அங்கும் அவரையும் விமானி பொயிங்டனையும் போன்றவர்களைப் பதிவில்லாத ‘விசேட கைதிகள்’ என்று பிரித்தே வைத்தார்கள். 1945 ஓகஸ்ட் 29 அன்று அமெரிக்கக் கடற்படை வந்து மீட்டது. டாங்கின் ஐந்தாவது ரோந்து அறிக்கையை அவர் விடுதலையான பிறகே எழுதினார். அதுவரை அந்த ரோந்தில் என்ன நடந்தது என்று அவருடைய தலைமையகத்துக்குத் தெரியாது. 24ஆவது டோர்பிடோவின் கதை நமக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

விசாரணையில் வாய்திறக்காமல் இருப்பது ஏன் அவ்வளவு பெரிய விடயம் என்பதற்குக் கப்டன் குரொம்வெல்லைச் சொல்லலாம். 1943 நவம்பர் 19 அன்று ஸ்கல்பின் நீர்மூழ்கியைக் கைவிடும்போது அவர் வெளியே வரவில்லை. யப்பானிய இரகசியக் குறியீடு உடைக்கப்பட்டதும், கில்பர்ட் தீவுகள்மீதான திட்டமும் அவருக்குத் தெரியும். அடித்துக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று அஞ்சிக் கப்பலோடு போனார். அவருக்கும் மெடல் ஒஃப் ஒனர். அந்தக் கப்பலிலிருந்து சிறைப்பட்டவர்களில் 21 பேரை ஏற்றிச் சென்ற சூயோ என்ற விமானந்தாங்கியை டிசெம்பர் 4 அன்று இன்னோர் அமெரிக்க நீர்மூழ்கி, செயில்ஃபிஷ், மூழ்கடித்தது. 21இல் தப்பியவர் ஒருவர். உள்ளே தம்முடைய ஆட்கள் இருப்பது ஏவியவர்களுக்குத் தெரியாது.

நமது பக்கத்துக் கடலில் நடந்ததால் கிரெனேடியரையும் சேர்க்கலாம். கட்டளை அதிகாரி ஜோன் ஃபிற்ஸ்ஜெரல்ட். 1943 ஏப்ரல் 21 அன்று புக்கெட் கடலில் விமானக் குண்டு பட்டு 267 அடியில் கடலடியில் அமர்ந்தது. நாள் முழுவதும் வாளியால் நீர் இறைத்தும் உந்துதண்டு வளைந்துவிட்டபடியால் ஓடமுடியவில்லை. இரவு மேலே வந்து, துணியால் பாய் கட்டிக் கரைக்குப் போகவும் பார்த்தார்கள். மறுநாள் கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு 76 பேரும் பிடிபட்டார்கள். பினாங்கில் லைற் ஸ்ட்ரீற் கொன்வென்ட் பாடசாலையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். சுவரில் அவர்கள் கீறிய பெயர்கள் அங்கே பேணப்பட்டன. ஃபிற்ஸ்ஜெரல்ட் எதையும் சொல்லவில்லை, போருக்குப் பின் நேவி குரொஸ் என்ற அமெரிக்கக் கடற்படை வீரவிருதைப் பெற்றார். 76இல் நால்வர் சிறையில் இறந்தார்கள்.

மயானம் பற்றி. ஸ்ட்ரட்டஜம் ஆட்களின் கல்லறைகளை நிலாவெளி வீதியில் தேடவேண்டாம், கடலில் போனவர்களுக்கு அங்கே கல்லறை இல்லை. அவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத், பிளிமத், சற்றம் கடற்படை நினைவுத்தூபிகளில், அவரவர் சேர்ந்த தளத்தின்படி பிரிந்திருக்கும். பொதுநலவாய போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில் 1944 நவம்பர் 22 என்ற திகதியையும் கப்பல் பெயரையும் கொடுத்தால் வரும். கைதியாக இறந்தவருக்குத் திகதி வேறாக இருக்கலாம், ஆகவே கப்பல் பெயரால் மட்டும் இன்னொரு முறை தேடுங்கள். மயானத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஆனால் அது வேறு ஆட்களின் இடம் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிரித்தானிய ஆவணக்காப்பகத்தில் நீர்மூழ்கிகளின் நாட்குறிப்பு ஏடிஎம் 173 தொடரில் இருக்கும். கடைசி ரோந்தின் நாட்குறிப்பு கப்பலோடு போயிருக்கும், முந்திய மாதங்களே கிடைக்கும். விடுதலையானவர்கள் நிரப்பிய வினாக்கொத்துகள் டபிள்யூஓ 344, யப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் டபிள்யூஓ 345. ஒஃபுனாவில் மட்டும் இருந்தவருக்கு அட்டை இல்லாவிட்டால் அவர் கைதியே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மட்டிக்களிக்கு ஒரு சொல். 24 கப்பல், 93,824 தொன் என்பது போர் முடிந்த கையோடு செய்த கணக்கு. பின்னர் திருத்திய கணக்கு 33 கப்பல், 116,454 தொன். இரண்டில் எதைப் போட்டாலும் எந்தக் கணக்கு என்று எழுதவேண்டும்.

மட்டிக்களி எழுதியது:

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் தொன் கணக்கை விட்டுவிடலாம் ரீச்சர், மாணவர்களுக்கு ஒன்றும் குறையாது.

கரும்பலகை எழுதியது:

மாணவர்கள் திருப்பி எழுதியது:

“1944 நவம்பர் 10 அன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ஸ்ட்ரட்டஜம் நவம்பர் 22 அன்று மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது. யப்பானியரிடம் சரணடைந்த எட்டுப் பேரில் மூவரே உயிரோடு திரும்பினர். அதற்கு நான்கு வாரம் முன்பு, போர்மோசா நீரிணையில், அமெரிக்க நீர்மூழ்கி டாங் தன் சொந்த டோர்பிடோ திரும்பி வந்து தாக்கியதால் மூழ்கியது. 87 பேரில் 9 பேர் பிழைத்தனர். கட்டளை அதிகாரி ஓ'கேன் எட்டு மணித்தியாலம் கடலில் நீந்தியபின் எடுக்கப்பட்டார். ஒஃபுனாவிலும் ஒமோரியிலும் பதிவில்லாத கைதியாக இருந்தார். தொடரணித் தாக்குதல்களுக்காக 1946இல் மெடல் ஒஃப் ஒனர் பெற்றார். சிறையில் அவர் தாங்கியதற்கு அந்தச் சான்றுரையில் ஒரு வரியும் இல்லை.”

சிரிஞ்ச் மேசை இதற்கு நேர் கீழே. அடித்தவர்கள் பற்றிய செய்தியைத் தனிக் கட்டத்தில் போடுகிறோம்.

பழைய ஏடு எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள், ‘சரணடைந்த’ என்பதை. கடலடியில் உடைந்து கிடந்த கப்பலிலிருந்து மேலே வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நீரில் கிடந்தவர்களை எதிரிக் கப்பல் தூக்கியது. ‘பிடிபட்ட’ என்று எழுதுங்கள், ‘யப்பானியரிடம்’ என்பது அப்படியே நிற்கட்டும். முதல் வாசகத்தில் ஓ'கேனுக்கும் இதே சொல் இருந்தது, இப்போது அங்கே ‘எடுக்கப்பட்டார்’ என்று சரியாக வந்துவிட்டது.

சுழியோடி எழுதியது:

சிரிஞ்ச் நான்கைந்து செய்து வையுங்கள் ரீச்சர். இழுத்து இழுத்துத் தண்டின் றப்பர் தேய்ந்து கசியத் தொடங்கும், மத்தியானத்துக்குள் முதலாவது பழுதாகிவிடும். கொஞ்சம் சமையல் எண்ணெய் பூசினால் மற்றவை நின்றுபிடிக்கும்.